டெக்சாஸில் ஒன்பது ரிவால்வர் பெட்டிகள்

ஹூஸ்டன் விமான நிலையத்தில் என்னைப் பார்த்ததும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "நிஷா அனுப்பினாளா உன்னை?" என்பதுதான். ஆமாம் என்றேன். மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. பெட்டிகளை வண்டியில் ஏற்றினார். அவர் வீடு இருக்கும் சுகர் லேண்ட் வரும்வரை சென்னையின் தண்ணீர் நிலவரத்தைத் தவிர வேறெதையும் பேசவில்லை.

அண்ணன் ஜெரால்டு எண்ணெய் கம்பெனி ஒன்றில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணி ரெஜினா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அண்ணி என்று எழுதத்தான் செய்கிறேன், வாழ்நாளில் ஒருநாளும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. கல்லூரியில் அவளும் நானும் ஒரே பெஞ்ச். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவளை வீட்டுக்குச் சாப்பிட அழைத்து வந்தேன். அன்று அண்ணன் தட்டைப் பார்க்காமலே சாப்பிட்டு முடித்தார். அதற்குப் பிறகு நடந்ததற்கெல்லாம் நான்தான் காரணம் என்று ரெஜினா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய அடக்கத்துக்கு எனக்கு விசா கிடைக்கவில்லை. போனில்தான் பார்த்தேன்.

அவர்களுடைய ஒரே மகள் நிஷா, கலிபோர்னியாவில் சான் ரமோனில் இருக்கிறாள். நான்கு அறை வீட்டில் அப்பா தனியாகக் கிடக்க வேண்டாம், என்னோடு வந்துவிடட்டும் என்று ஒரு வருடமாகக் கேட்கிறாள். அதற்கு அவள் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. அப்பா சேர்த்து வைத்திருக்கும் பழைய துப்பாக்கிகள் அவள் வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது.

நிஷாவுக்குத் தமிழ் முழுக்கப் புரியும். பேசுவது ஆங்கிலம்தான். போனில் அவள் தன் மகள் மாயாவைப் பற்றிச் சொன்னதை இங்கே தமிழில் தருகிறேன். "அத்தை, மாயாவுக்கு ஆறு வயசு. ஸ்கூல்ல, யாராவது துப்பாக்கியோட வந்துட்டா கதவைப் பூட்டி, லைட்டை அணைச்சு, சத்தம் போடாம ஒளிஞ்சுக்கப் பழக்கறாங்க. போன வாரம் டைனிங் டேபிளுக்குக் கீழ உட்கார்ந்து அவ பொம்மையோட வாயைப் பொத்திக்கிட்டு இருந்தா. அந்த வீட்டுக்குள்ள நான் துப்பாக்கியைக் கொண்டுவர முடியுமா? பழசோ புதுசோ, அவளுக்கு என்ன தெரியும்?"

அண்ணன் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அப்பாவும் மகளும் முகம் கொடுத்துப் பேசிப் பல மாதம் ஆகிவிட்டது. அதனால்தான் நான்.

சுகர் லேண்டில் நடப்பதற்கு நல்ல பாதைகள் இருக்கின்றன, நடப்பவர்கள்தான் இல்லை. முதல் நாள் காலை தூக்கம் வராமல் சேலையோடு கிளம்பிவிட்டேன். கொஞ்ச தூரம் போவதற்குள் ஒரு கார் பக்கத்தில் வந்து நின்றது. உள்ளே இருந்த பெண்மணி, வண்டி எங்காவது நின்றுவிட்டதா, வீட்டில் கொண்டுவிடவா என்று கவலையோடு கேட்டார். சும்மா நடக்கிறேன் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. புரசைவாக்கத்தில் ஒருவர் நடந்து போனால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை, கேட்க வண்டி நிறுத்த இடமும் இல்லை.

அன்று மதியம் அண்ணன் ஹில்கிராஃப்ட்டுக்கு அழைத்துப் போனார். காந்தி பெயர் வைத்த பகுதி. நகைக்கடை, சேலைக்கடை, மளிகைக்கடை எல்லாம் வரிசையாக இருக்கின்றன. தெருவைவிடக் கார் நிறுத்துமிடம்தான் பெரிது. மசால் தோசை நன்றாகவே இருந்தது. சாம்பாரில் மட்டும் யாரோ கைதவறிச் சர்க்கரையைக் கொட்டியிருந்தார்கள். புளியும் நல்லெண்ணெயும் வாங்கினேன். கல்லாவில் இருந்த பெண் அண்ணனை அடையாளம் கண்டு, "அங்கிள், ஆன்ட்டி போனதுக்கு அப்புறம் நீங்க வர்றதே இல்ல" என்றாள். அண்ணன் தலையாட்டிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை துப்பாக்கிப் பெட்டிகளைக் காட்டினார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஊரில் துப்பாக்கிச் சந்தை. அதில் ஒரு மேஜைக்குப் பதிவு செய்துவிட்டாராம். எல்லாவற்றையும் விற்றுவிடப் போவதாகச் சொன்னார். குரலில் கோபம் இல்லை, உயிரும் இல்லை.

ரிவால்வர் என்றதும் நான் நினைத்தது வேறு. சாப்பாட்டு மேஜைமேல் அவர் பரப்பியது ஒன்பது மரப்பெட்டிகள். ஒவ்வொன்றும் ஆர்மோனியப் பெட்டியில் பாதி அளவு இருக்கும். மூடியைத் திறந்தால் பச்சைக் கம்பளித் துணியோ, நிறம் மங்கிய வெல்வெட்டோ தைத்த அறைகள். நடு அறையில் நீளக் குழாயோடு ரிவால்வர் படுத்திருக்கிறது. சுற்றிலும் வெடிமருந்துக் குடுவை, ஈயக்குண்டு வார்க்கும் அச்சு, எண்ணெய்ப் புட்டி, திருப்புச்சாவி, சின்னத் தகர டப்பா. இன்றைய தோட்டா வருவதற்கு முந்தைய காலம். சுழலும் உருளையின் ஒவ்வொரு குழியிலும் மருந்தைக் கொட்டி, குண்டை அழுத்தி, பின்னால் ஒரு செப்புத் தொப்பி மாட்ட வேண்டுமாம். சுத்தியல் தொப்பியில் விழுந்தால் வெடிக்கும். தீபாவளிக்குப் பொட்டு வெடி வைத்துச் சுடுவோமே, அந்தத் தத்துவம்தான்.

"பெட்டியோட வந்தது பெட்டியோடதான் போகணும். பிரிச்சா பாவம்" என்றார் அண்ணன்.

ஒரு பெட்டியின் மூடிக்குள் காகிதச் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. விற்ற கடையின் பெயர் பாதி உதிர்ந்துவிட்டது. அடியில் இருந்த இரண்டு இடப்பெயர்கள் மட்டும் தெளிவாகத் தெரிந்தன. மவுண்ட் ரோடு, மெட்ராஸ். லண்டனில் செய்து, கப்பலில் மெட்ராஸ் வந்து, ஏதோ ஒரு துரையின் இடுப்பில் இருந்து, எப்படியோ டெக்சாஸ் சேர்ந்திருக்கிறது.

எனக்குச் சட்டென்று ரெஜினாவின் ஞாபகம் வந்தது. மாலை வகுப்பு முடிந்ததும் நாங்கள் இருவரும் மவுண்ட் ரோட்டில் காரணமே இல்லாமல் நடப்போம். கடிகாரக் கடை, கண்ணாடிக் கடை, இசைக்கருவிக் கடை என்று ஒவ்வொரு ஜன்னலாக நின்று பார்ப்பாள். எதுவும் வாங்கமாட்டாள். வாங்க எங்களிடம் எதுவும் இருந்ததுமில்லை. பஸ்ஸைத் தவறவிட்டு வீட்டில் திட்டு வாங்குவோம். அந்தத் தெருவின் பெயர் இப்போது ஹூஸ்டனில் ஒரு பெட்டிக்குள் கிடந்தது. அதை அவளிடம் காட்ட அவள் இல்லை.

சனிக்கிழமை காலை கிளம்பினோம். வழியில் ஒரு கடையில் கொலாச்சி வாங்கினார். நம் ஊர் பன் மாதிரி மெத்தென்ற ரொட்டி, நடுவில் பழக்கூழ். செக் நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் கொண்டுவந்ததாம். இரண்டாவதை எடுக்கும்போது வண்டி ஒருபக்கமாக இழுத்தது. ஃப்ரீவேயில் டயர் பஞ்சர்.

ஓரமாக நிறுத்தினார். மாற்று டயர் டிக்கியின் அடியில் இருந்தது. அதை எடுக்க ஒன்பது பெட்டிகளையும் வெளியே வைக்க வேண்டும். புல்தரையில் வரிசையாக வைத்து முடித்தபோது நான் ஒரு எறும்புப் புற்றின்மேல் நின்றுகொண்டிருந்தேன். டெக்சாஸின் செவ்வெறும்பு முதலில் சத்தமில்லாமல் கால் முழுக்க ஏறிவிடும், பிறகு எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் கடிக்கும். நான் சேலையைத் தூக்கிக்கொண்டு குதித்த நேரத்தில் போலீஸ் வண்டி வந்து நின்றது.

இளம் அதிகாரி. என்னைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார். உள்ளே என்ன என்று கேட்டார்.

"ரிவால்வர்கள்" என்றார் அண்ணன், கத்தரிக்காய் என்பது போல.

என் உயிர் போய்விட்டது. அண்ணன் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். அவ்வளவு பழைய சாமான்களை அங்கே சட்டம் பெரும்பாலும் துப்பாக்கிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லையாம். அதிகாரி குனிந்து பார்த்து, இவ்வளவு அழகான ஒன்றை நான் பார்த்ததே இல்லை என்றார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு டயரை மாற்றிக் கொடுத்தார். என் காலைப் பார்த்து, புல்லில் நிற்காதீர்கள் அம்மா என்று தாமதமாக எச்சரித்தார்.

சந்தை நடந்த இடம் மாட்டுக் கண்காட்சி நடத்தும் பெரிய கூடம். உள்ளே தொப்பியும் தாடியும் பெல்ட்டுமாக ஆண்கள். அவர்கள் நடுவில் வீங்கிய காலோடு நான். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எங்களுக்கு ஒதுக்கிய மேஜைக்குப் பக்கத்து மேஜையில் எழுபதைத் தாண்டிய கனத்த பெண்மணி ஒருவர் பழைய வெடிமருந்துக் குடுவைகளைப் பரப்பிக்கொண்டிருந்தார். பெயர் டார்லீன். பள்ளிப் பேருந்து ஓட்டியவர். அண்ணனைப் பார்த்ததும் எழுந்து வந்து கட்டிக்கொண்டார்.

"இரண்டு வருஷமா எங்க போனீங்க? ரெஜினா எங்க, வண்டியை நிறுத்திட்டு வர்றாங்களா?"

அண்ணன் கையிலிருந்த பெட்டியை மேஜைமேல் வைத்தார். ரெஜினா இறந்தது அந்தக் கூடத்தில் யாருக்கும் தெரியாது, அவர் யாரிடமும் சொல்லவில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மெல்லச் சொன்னார். டார்லீன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, எதிர்வரிசைக்குப் போய் யாரிடமோ ஏதோ சொன்னார்.

அதன்பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். நான் நிமிர்ந்து பார்க்கப் பயந்த அதே தொப்பிக்காரர்கள். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணன் முன்னால் நின்றார்கள். ஒருவர் ரெஜினா கொண்டுவரும் புளியோதரையைப் பற்றிச் சொன்னார். அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் பழுப்புச் சோறு. முதல் தடவை கண்ணில் தண்ணீர் வந்ததாம், அடுத்த தடவை டப்பாவோடு வந்து நின்றாராம். இன்னொருவர் வெள்ளைத்தாடி வைத்த நெட்டை மனிதர். எங்கள் மேஜையைச் சுற்றிப் பார்த்துவிட்டு அண்ணனிடம் கேட்டார். "அவங்க ரிவால்வர்களை நீங்க விக்கப் போறீங்களா?"

உங்க என்று இல்லை, அவங்க என்றுதான் சொன்னார். எனக்குச் சரியாகக் காது கேட்கும்.

அவர் நகர்ந்ததும் அண்ணனிடம் தமிழில் கேட்டேன். "யாரோடது அண்ணா இதெல்லாம்?"

மேஜை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே சொன்னார். "ரெஜினாவோடது. எல்லாமே. நான் பெட்டி தூக்கறவன்."

ஒன்பதையும் தேடி வாங்கியவள் அவள்தான். அமெரிக்கா வந்த புதிதில் ஒரு பழம்பொருள் கடையில் தையல் பெட்டி என்று நினைத்து மூடியைத் திறந்திருக்கிறாள். உள்ளே ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருந்ததைப் பார்த்து நகரவே இல்லையாம். மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்தவள், அந்த ஒழுங்கு அவளுக்குப் பிடித்துப் போனது. பிறகு அவளே படித்தாள், அவளே பேரம் பேசினாள். சர்ச் விருந்தில் யாரோ, ஜெரால்டுக்கு என்ன ஒரு ரசனை என்று பாராட்டியபோது மறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து, அப்படியே இருக்கட்டும் என்றாளாம்.

ஏன் என்று கேட்டேன்.

"'எல்லாரும் என்கிட்ட ஏதாவது கேட்டுக்கிட்டே இருக்காங்க. யாரும் எதுவும் கேக்காத இடம் எனக்கு ஒண்ணு வேணும்'னு சொன்னா. அப்புறம் நிஷாவுக்குப் பதினாறு வயசு இருக்கும். ஏதோ ஒரு ஸ்கூல்ல நடந்த துப்பாக்கிச் சூட்டை டிவியில பாத்துட்டு ரெண்டு நாள் சாப்பிடல. இந்தப் பெட்டியெல்லாம் என்னுதுன்னு நெனச்சு என்கிட்ட கத்தினா. ரெஜினா என்னைப் பாத்தா. சொல்லாதீங்கன்னு அர்த்தம். இன்னைக்கு வரைக்கும் சொல்லல."

எனக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை, பொறாமை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், வாரம் தவறாமல் போனில் பேசியவள். அவளைப் பற்றி எனக்குத் தெரியாதது டெக்சாஸின் தாடிக்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பொறாமை தணிந்த பிறகுதான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. மனைவியின் பொருளை விற்கவும் மனம் வரவில்லை, அவளுடையது என்று சொல்லவும் வாய் வரவில்லை.

"நிஷாகிட்ட சொல்லுங்க அண்ணா. அவ அம்மாவைப் பத்தி அவளுக்குத் தெரியவேண்டாமா?"

அண்ணன் மேஜையைத் துணியால் மூடிவிட்டு, இன்றைக்கு எதுவும் விற்பனைக்கு இல்லை என்று டார்லீனிடம் சொன்னார். வெளியே வண்டிக்குள் உட்கார்ந்து மகளைக் கூப்பிட்டார். நான் கேட்கக்கூடாது என்று கொஞ்சம் தள்ளி நின்றேன், புல்லில் கால் வைக்காமல். அவர் பேசியது கொஞ்ச நேரம்தான். வந்து, "ஒண்ணும் சொல்லல. வெச்சுட்டா" என்றார். வீட்டுக்கு வரும்வரை அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. சொல்லச் சொன்னவள் நான்தானே. சாப்பாட்டு நேரத்தில் என் போனுக்கு நிஷாவின் செய்தி வந்தது. காலை விமானத்தில் வருகிறாள்.

ஞாயிறு காலை எழுந்து பெரிய பாத்திரத்தில் புளியோதரை கிளறினேன். ரெஜினா கையளவு வேறு, என் கையளவு வேறு. மிளகாயைக் குறைக்கவா என்று யோசித்தேன், குறைக்கவில்லை. கூடத்துக்குப் போனதும் டார்லீன் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் திரும்பி நின்றுகொண்டார்.

மதியம் தாண்டிய சற்று நேரத்தில் நிஷா டாக்சி பிடித்து நேராக அங்கேயே வந்துவிட்டாள். வாசலில் அனுமதிக்காகக் கையில் குத்திய முத்திரையை இன்னொரு கையால் தேய்த்துக்கொண்டே வந்தாள். இருபுறமும் இருந்த மேஜைகளைப் பார்க்காமல், தண்ணீருக்குள் நடப்பவள் மாதிரி நடந்தாள். அப்பா முன்னால் வந்து நின்று ஆங்கிலத்தில் சொன்னாள். "நான் மனசு மாறல அப்பா. வீட்டுக்குள்ள வேண்டாம்."

"தெரியும்மா" என்றார் அண்ணன்.

"அம்மா எங்க உட்காருவாங்க?"

டார்லீன் தன் மேஜைக்கும் எங்கள் மேஜைக்கும் நடுவில் இருந்த நாற்காலியைக் காட்டினார். நிஷா உட்கார்ந்தாள். எதையும் தொடவில்லை. முதலில் வாங்கியது எது என்று கேட்டாள். அண்ணன் பழுப்பு நிறப் பெட்டி ஒன்றைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். தையல் பெட்டிக் கதையைச் சொன்னார். அவள் ரிவால்வரை விட்டுவிட்டுத் தகர டப்பாவை மட்டும் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

வெள்ளைத்தாடிக்காரர் வந்தார். ஒரு வெல்வெட் பெட்டியைக் காட்டி, பல வருடம் முன்பு இதைத் தான் வாங்க இருந்ததாகவும், அவள் அம்மா பேரம் பேசித் தட்டிக்கொண்டு போய்விட்டதாகவும் சொன்னார். எப்படி என்று நிஷா கேட்டாள். "பேசவே மாட்டாங்க. விக்கறவரையே பாத்துக்கிட்டு நிப்பாங்க. அவரே விலையைக் குறைச்சுக்குவார்" என்றார். நிஷா சத்தமாகச் சிரித்துவிட்டாள். அந்தப் பார்வையை அவள் வீட்டில் அனுபவித்திருக்கிறாள். பெட்டியைத் தானே எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

ஒன்பது பெட்டிகளும் அப்படித்தான் போயின. யாருக்குப் போகவேண்டும் என்று நிஷாதான் முடிவு செய்தாள். அம்மாவைத் தெரிந்தவர்களுக்கு மட்டும். ஒவ்வொருவரும் ரெஜினாவைப் பற்றி ஒரு சங்கதி சொல்லிவிட்டுத்தான் பெட்டியை எடுக்க முடிந்தது. நடுவில் ஒரு முறை, "அம்மா இதுல சுட்டிருக்காங்களா?" என்று அப்பாவிடம் கேட்டாள். ஒரு தடவைகூட இல்லை என்றார். மெட்ராஸ் சீட்டு ஒட்டிய பெட்டியை நான் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தேன். சென்னை விமான நிலையச் சுங்கத்தில் அதை எப்படி விளக்குவது? டார்லீனிடம் கொடுத்தோம். மவுண்ட் ரோடு என்றால் என்ன என்று கேட்டார். நடக்கிற ரோடு என்றேன்.

திரும்பும்போது நிஷா ஓட்டினாள். மேற்கே வெயில் சாய்ந்து கண்ணில் அடித்தது. அண்ணன் முன்சீட்டில் உட்கார்ந்த சில நிமிடத்தில் தூங்கிவிட்டார், வாய் லேசாகத் திறந்திருந்தது. நிஷா அவர் பக்கத்துத் திரையை இறக்கிவிட்டு, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

"அம்மாவைப் பத்தி எனக்குத் தெரியாதது இன்னும் என்ன இருக்கு அத்தை?"

யோசித்தேன். பல வருடம் நினைத்தே பார்க்காத ஒன்று வந்தது. இரண்டாம் ஆண்டில் நாங்கள் இருவரும் என்.சி.சி.யில் சேர்ந்தோம். முகாமில் ஆளுக்குக் கொஞ்சம் குண்டு கொடுத்துச் சுடச் சொன்னார்கள். நான் சுட்டது பலகையையே தொடவில்லை. ரெஜினா சுடவே இல்லை. தரையில் விரிப்பைப் போட்டு, துப்பாக்கியைப் பிரித்து, ஒவ்வொரு பாகமாகத் துடைத்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். சுடும்மா, நேரமாகுது என்று ஹவில்தார் கெஞ்சினார். "இருங்க சார், இது எங்க போகுதுன்னு பாத்துட்டு வந்துடறேன்" என்றாள். கடைசியில் அவரும் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

"அப்புறம்?" என்றாள் நிஷா.

அப்புறம் நடந்ததைச் சொன்னேன். சுகர் லேண்டுக்குத் திரும்பவேண்டிய எக்ஸிட் வலப்பக்கம் வந்தது, போனது. அவள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், சொல்லவில்லை.